எட்டாவது இன்னிங்ஸில் சொன்ன வார்த்தை

அன்பு ரோசலிண்டுக்கு,

நம் பேஸ்பால் அணி அந்த இடக்கைப் பந்துவீச்சாளனை வேறு அணிக்கு விற்றுவிட்டது. போனில் நான் போட்ட சத்தத்தில் அணி முதலாளியே அழுதுவிட்டார், நம்பு! வெளியே பனி கொட்டுகிறது. நான் அணித் தொப்பியைக் கழற்றவில்லை. இந்த வருடம் கோப்பை நமக்குத்தான்.

டிக்கெட் ஆபீஸ் பெண் கேட்டாள்: "இந்த சீசனுக்கு ஒரு சீட் போதும்தானே, சார்?"

"போன வருஷம் மாதிரியே மூணும் வேணும்மா! ஆளு வருவாங்க."

செப்டம்பரில் அந்த இடக்கையன் வீசியபோது, ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ் வரை எதிரணியில் ஒருவனாலும் பந்தை அடித்து ஓட முடியவில்லை. அந்த நேரத்தில் 'இன்னும் ஒருத்தனும் அடிக்கலை' என்று வாய்விட்டுச் சொன்னால் ராசி கெட்டுவிடும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். உன் புருஷன் சொன்னான். எதிரணிக்காரன் அடித்த அடுத்த பந்து மைதானச் சுவரைத் தாண்டியது. நான் அவனைத் திட்டியதற்கு முப்பதாயிரம் பேர் எழுந்து கைதட்டினார்கள். நீ மட்டும் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். ஏப்ரலில் சீசன் தொடங்கும்போது உன் புருஷனையும் கூட்டி வா. என் பக்கத்திலேயே உட்காரட்டும். வேர்க்கடலை நானே வாங்கித் தருகிறேன். வாய் நிறைய மென்றுகொண்டிருந்தால் எப்படிப் பேசுவான்?

தோற்கத் தெரியாத
உன் மாமா