அனைவரும் எழுந்து நிற்கவும்

செப்டம்பர் 3, திங்கள்

காலையில் நகராட்சி விழா மேடையில் அறிவிப்பாளராக நின்று உளறிவிட்டேன். பிரார்த்தனைக்கு 'அமர்ந்தபடியே தலைவணங்கவும்' என்று சொல்ல வேண்டியவள், 'அனைவரும் எழுந்து நிற்கவும்' என்றேன். மேயர் எழுந்தார். காவல்துறைத் தலைவர் எழுந்தார். ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த இயக்குநர் வாயில் வைத்த பணியாரத்தை மெல்லாமலே எழுந்தார். எதற்கு என்று ஒரு ஆள் கேட்கவில்லை. மைக்கில் ஒரு குரல் சொன்னால் எங்கள் ஊரில் அது விதி.

வஹோனோவிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர், வாய் சும்மா இருக்காது. "நீ சொன்னா மேயரே எழுந்திரிக்கிறார் லாஸ்மி. நான் சொன்னா நம்ம பூனைகூட நகர மாட்டேங்குது."

செப்டம்பர் 5, புதன்

பாலஸ்தீனத்திலிருந்து விருந்தினர் வருவது உறுதி. நாப்லுஸ் நகரத்துக்குப் பக்கத்து மலையூர். துணை மேயர், பெண், பெயர் நஹ்லா. வரட்டும், வரட்டும்.

செப்டம்பர் 17, திங்கள்

வயிறு எரிகிறது.

இரு நகர நட்பு ஒப்பந்தத்தில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் நர்சிங் கல்லூரியில் அவர்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பேருக்கு இடம். அங்கே மருத்துவமனைக் கட்டடம் எழும்பிவிட்டதாம், உள்ளே வேலை செய்ய ஆள் இல்லையாம். மேயர் ஜூன் மாதமே ஒப்புக்கொண்டார். மூன்றாம் பிரிவு. தட்டச்சு செய்தவளே நான்தான்.

இன்று புதுப் பிரதி வந்தது. மூன்றாம் பிரிவில் நர்சிங்கும் இல்லை, பெண்களும் இல்லை. 'சதுக்கத்தில் நட்பு வளைவு' என்று இருக்கிறது. வளைவு! இரண்டு கொடியும் மேயரின் பெயரும் பொறித்த சிமெண்டு வளைவு. நகரச் செயலாளர் பாக் ஹார்ஜோனோவிடம் நேராகப் போய் நின்றேன்.

"இபு லாஸ்மி, கல்லூரி இடத்தைத் தூக்கிக் கொடுத்தா நம்ம ஊர்க்காரன் நாலு கேள்வி கேப்பான். வளைவை யாரு கேள்வி கேக்கப் போறா?"

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"விருந்தாளி மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ற வழக்கம் நமக்கு உண்டா? அவங்க மொழிப் பிரதி பிறகு வரும்னு சொல்லிக்கலாம். கையெழுத்து ஆகட்டும், ஊருக்குப் போய்ச் சேரட்டும். அப்புறமா மரியாதையா ஒரு கடிதம் போட்டா போச்சு."

மரியாதையாம். வெள்ளிக்கிழமை தோறும் கழுத்தில் கட்டம்போட்ட பாலஸ்தீனத் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர்களுக்காகக் கோஷம் போடுகிற மனிதர் இவர். மேயர் மனைவி ஏப்ரல் தேர்தலில் நிற்கிறார். பிரசாரத்துக்கு வேண்டியது படம். பத்துப் பெண்கள் படித்து முடிக்க மூன்று வருடம் ஆகும், வளைவு மூன்று மாதத்தில் எழும்பிவிடும். கணக்கு அவ்வளவுதான். சீ.

செப்டம்பர் 18, செவ்வாய்

நஹ்லா வந்துவிட்டார். பொறியாளர், என் வயது இருக்கும். சிப்பாய்கள் காவல் நிற்கும் எல்லைப் பாலம் கடந்து ஜோர்டான் வர மட்டும் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறார். கால் வீங்கியிருந்தது. எங்கள் இஞ்சிப் பானத்தைக் கொடுத்தேன். "இது மருந்தா, தண்டனையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு முழுவதையும் குடித்தார்.

காரில் கைபேசியை நீட்டினார். பத்துப் பெண்கள் வரிசையாக நின்று எங்கள் மொழியில், அம்மாவுக்கு 'இபு' என்று போட்டுச் சொல்கிறார்கள்: "நன்றி இபு, சாப்பிட்டீங்களா இபு?" இணையத்தில் பார்த்துப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டார்களாம்.

"எல்லாரும் பெட்டி கட்டிட்டாங்க. அவசரப்படாதீங்கன்னு சொன்னா கேக்கறதில்லை. உங்க நாடு எங்களைக் கைவிட்டதே இல்லைன்னு என்கிட்டயே பாடம் நடத்துதுங்க."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

செப்டம்பர் 19, புதன்

ஒத்திகை. பாக் ஹார்ஜோனோ நிகழ்ச்சி நிரலை என் கையில் கொடுத்து, "எழுத்துக்கு எழுத்து படிங்க, போதும்" என்றார். எழுத்துக்கு எழுத்தாம்! பதினாறு வருஷமா என்ன புடுங்கிட்டிருந்தேன் நான்?

ராத்திரி வஹோனோ, "வேண்டாம்மா, உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. வேலை போயிரும்" என்றார்.

"போனா?"

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பிறகு, "நாளைக்கு அந்தப் பச்சைச் சால்வையைப் போட்டுக்கோ, டிவியில எடுப்பா இருக்கும்" என்றார்.

செப்டம்பர் 20, வியாழன்

செய்துவிட்டேன்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. ஜகார்த்தாவில் உள்ள அவர்கள் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். இரண்டு டிவிக்காரர்கள். மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் நுனியை வெட்டி முதல் மரியாதையாக நஹ்லாவிடம் கொடுப்பது முறை. மேயரோ அதை வளைவு கட்டப்போகிற கட்டுமானக்காரரிடம் கொடுத்தார். அந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நஹ்லா வெறும் கையோடு நின்றார். வழக்கம் தெரியாததால் அவரும் கைதட்டினார். அதுவரை எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. அதோடு போய்விட்டது.

நிரலில் அடுத்த வரி 'வளைவின் மாதிரியைத் திறந்துவைத்தல்'. தாளை மடித்தேன்.

"அடுத்து, பாலஸ்தீன மாணவிகள் பத்துப் பேருக்கு நம் நர்சிங் கல்லூரியில் இடம் அளிப்பதை மேயர் அவர்கள் தம் வாயால் அறிவிப்பார்கள். இந்த நற்செய்திக்காக அனைவரும் எழுந்து நிற்கவும்."

எழுந்தார்கள்! ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்தார்கள். பாக் ஹார்ஜோனோகூடப் பாதி எழுந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்து அப்படியே நின்றார், மூஞ்சியில் ஈயாடவில்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் நஹ்லா இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தூதரக அதிகாரி கைதட்டத் தொடங்கினார். காமிராக்கள் மேயர் பக்கம் திரும்பின. அவர் என்னைப் பார்த்தார். அப்பப்பா, அந்தப் பார்வை! நான் மைக்கை அவர் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தேன். விருந்தாளி முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்கிற வழக்கம் நமக்குத்தான் கிடையாதே.

"ஆம், பத்துப் பேருக்கு" என்றார்.

கையெழுத்து மேசையில் இருந்தது ஜூன் மாதப் பிரதி. கோப்புகளை அடுக்குவது என் வேலை. அடுக்கினேன்.

செப்டம்பர் 24, திங்கள்

பூங்கா மற்றும் மயானத் துறைக்கு மாற்றம். இன்றே சேர வேண்டுமாம். பிணங்களை எழுந்து நிற்கச் சொல்ல முடியாது என்று பாக் ஹார்ஜோனோ யாரிடமோ சொல்லிச் சிரித்தாராம். சிரிக்கட்டும்.

நவம்பர் 8, வியாழன்

சதுக்கத்தில் பெரிய பலகை. மேயர் மனைவியின் படம், கட்டம்போட்ட துண்டோடு. 'பாலஸ்தீன மகள்களின் தாய்.' தாய்! இடத்தையே பறிக்கப் பார்த்த கும்பல்! காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை, சீருடையில் இருந்தேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

மாணவிகளை வரவேற்க விமான நிலையம் போக நகராட்சியில் கார் இல்லையாம். எல்லாக் காரும் பிரசாரத்தில். எங்கள் துறை வேனைக் கேட்டு வாங்கினேன். பின்பக்கத்தில் கிடந்த மண்வெட்டிகளை ஒதுக்கிவிட்டுத் துடைத்தேன்.

பலகையில் பத்துப் பெயர்களையும் பெரிதாக எழுதிக்கொண்டு போனேன். நான்கு பேர் வந்தார்கள். மற்ற ஆறு பேருக்குப் பாலம் கடக்க அந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் அனுமதி தரவில்லை. காரணம் கேட்டதற்குக் காரணம் சொல்வதில்லை என்றார்களாம். எங்கள் ஆட்களையாவது மைக்கை நீட்டி மடக்கிவிட்டேன். அவன்கிட்ட எந்த மைக்கை நீட்டுறது?

ராயா என்கிற பெண் வேனைச் சுற்றி வந்து பக்கவாட்டு எழுத்தைப் படிக்க முயன்றாள். "பூங்கா..." என்று கூட்டிப் படித்தாள். "அப்புறம் என்ன இபு?"

"பூங்காதான். ஏறு."

"சாப்பிட்டீங்களா இபு?" என்று நால்வரும் ஒரே குரலில் கேட்டார்கள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

உடனே வண்டியை எடுக்க மனம் வரவில்லை. திரும்ப உள்ளே போய், அந்த விமானத்தின் கடைசிப் பயணி பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்வரை பலகையைப் பிடித்தபடி நின்றேன். பெயர்களை அழிக்கவில்லை. பலகை வேனில்தான் இருக்கிறது.