அந்த ழ யாருடையது

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. உங்கள் இருமல், செருமல், தண்ணீர் குடிக்கும் சத்தம் வரைக்கும் ஒரு வாரமாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறீர்கள். மகள் வீட்டுக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டால் சரி. அக்காவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

போன் செய்தால் உங்கள் மேனேஜர் எடுத்து, "அண்ணன் ரெஸ்ட்ல இருக்காரு தம்பி" என்கிறார். எப்போது கேட்டாலும் ரெஸ்ட். அதனால்தான் அக்கா முகவரிக்கு இந்தக் கடிதம். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. சவுண்ட் என்ஜினியர் நான். எங்கே இரைகிறதோ அங்கே கை வைத்துத்தான் பழக்கம்.

முதலில் அப்பா. தொண்டையில் ஆபரேஷன் செய்த காயம் ஆறிவிட்டது. குரல் இனி வராது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரைத் தட்டுகிறார். ஒரு தட்டு அம்மாவுக்கு, இரண்டு எனக்கு. "கல்யாணமான நாள்லேர்ந்து இவரு பேச்செல்லாம் அண்ணன் வாய்க்குத்தான் போச்சு. எனக்குக் கரண்டிச் சத்தமாச்சும் மிஞ்சுச்சே" என்று அம்மா கிண்டல் செய்கிறாள். செய்துவிட்டு உடனே அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் நினைவுகளைப் பேசவைத்து ஒரு தொடர் எடுக்கிறார்களே, அதன் கடைசிப் பகுதி இப்போது என் மேசையில் இருக்கிறது. ஸ்டுடியோ வாசலில் வாய்ப்புக் கேட்டு நின்றது, ஒட்டுமீசை கழன்று காபியில் விழுந்தது, வில்லனாக நடித்த காலத்தில் சலூன்காரர் உங்களுக்கு முடிவெட்ட பயந்தது, எல்லாம் சொன்னீர்கள். சிரித்தேன், மறுக்கவில்லை. பிறகு பேட்டி எடுத்த பெண் உங்கள் குரலைப் பற்றிக் கேட்டார். மிமிக்ரி செய்கிறவர்கள் எல்லாரும் உங்களைப்போல நாக்கை மடித்து ஒரு ழ சொல்கிறார்களே, அந்த ழ உங்களுக்கு எப்படி வந்தது என்று. நீங்கள் கொஞ்சமாவது தயங்குவீர்கள் என்று நினைத்தேன். "அது எங்கம்மா குடுத்த வரம். சின்ன வயசுல கூளாங்கல்லை வாயில போட்டுப் பேசவைப்பாங்க" என்றீர்கள்.

கூளாங்கல்! பொய் சொல்வதற்காவது ழ இல்லாத ஒரு சாமானாகப் பார்த்து எடுத்திருக்கக் கூடாதா, பெரியப்பா?

கல்லை வாயில் அடக்கிக்கொண்டு மொட்டை மாடியில் பழகியது யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் முதல் படத்தின் டைரக்டர் "மூஞ்சி ஓகே, வாய் வேணாம்" என்று சொன்ன அன்று, துணைக்கு வந்திருந்த அப்பாவை மைக் முன்னால் தள்ளிவிட்டது நீங்கள்தான். அன்றிலிருந்து திரையில் நீங்கள் வாய் திறந்தால் வந்ததெல்லாம் அப்பாவின் குரல். டைட்டிலில் ஓர் ஓரத்தில்கூட அவர் பெயர் இல்லை. வெளியில் தெரிந்தால் உங்கள் மார்க்கெட் போய்விடுமாம். விழா மேடைகளில் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் இறங்கிவிடுவீர்கள். அடக்கமான மனிதர் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்தது. இப்போது குரல் வேறாக இருக்கிறதே என்றால், வயது என்கிறீர்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கடைசியில் அந்தப் பிரபலமான வசனத்தைக் கேட்டார்கள். "அழாதே. நான் இருக்கேன்ல?" அவ்வளவுதான் வசனம். நீங்கள் "அளாதே" என்றீர்கள். இன்னொரு டேக். "அளாதே." அசிஸ்டென்ட் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். "பல்லு கட்டினதிலேர்ந்து நாக்கு சுத்த மாட்டேங்குதுப்பா" என்று சமாளித்தீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். அதோடு சரி, ரெகார்டிங் முடிகிறவரை இந்தப் பக்கமே திரும்பவில்லை.

நீங்கள் கிளம்பியதும் தொடரின் டைரக்டர் என் தோளைத் தட்டினார். "தம்பி, பழைய படத்துலேர்ந்து அந்த ழ-வை மட்டும் வெட்டி இதுல ஒட்டிடு. ஒரு எழுத்துதானே!"

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரியாமலே இருக்கிறதே, அதுதான் கோபம்.

ழ-வை மட்டும் வெட்ட முடியாது, பெரியப்பா. முன்னால் இருக்கும் அ அதற்குள் வழிந்திருக்கும். பின்னால் வரும் ஆ அதிலிருந்தே கிளம்பும். எந்த இடத்தில் கத்தி வைத்தாலும் அப்பா கொஞ்சம் கூடவே வருவார். வேலை வேலைதானே என்று வீட்டில் உட்கார்ந்து வெட்டினேன், ஒட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணன் தம்பி தொண்டை, உட்காராமல் என்ன செய்யும்?

சாப்பிடக் கூப்பிட அப்பா டம்ளரோடு வந்து கதவருகே நின்றிருக்கிறார். ஸ்பீக்கரில் "அழாதே" என்று நீங்களும் அவருமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டார். இப்போதாவது கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினார். ழ-வுக்குக் கொஞ்சம் சத்தம் ஏற்றச் சொல்கிறார்! ஏற்றினேன். தலையை ஆட்டினார். பிறகு சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தார். "அண்ணனுக்கு நல்லாருக்கும்."

இத்தனை வருடம் உங்கள் உதட்டைப் பார்த்துப் பேசியவர் அவர். இப்போது அவர் உதட்டைப் பார்த்து நாங்கள் புரிந்துகொள்கிறோம். ஒட்டியதையெல்லாம் அன்றைக்கே அழித்துவிட்டேன்.

நான் வெளியே சொல்லிவிடுவேன் என்று பயப்பட வேண்டாம். அப்பா என்னை மிரட்டி வைத்திருக்கிறார். குரல் இல்லாமலேயே நன்றாக மிரட்டுகிறார். நான் ஒட்டாவிட்டால் வேறொருவன் டீ ஆறுவதற்குள் ஒட்டிக் கொடுத்துவிடுவான், அதுவும் தெரியும். ஆகவே இது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்களை முழுக்க வெறுக்கவும் என்னால் முடியவில்லை, அதுதான் எரிச்சல். ஆஸ்பத்திரிக்கு அப்பாவைப் பார்க்க வந்தீர்களே, நர்ஸுகள் சூழ்ந்துகொண்டு "சார், அந்த 'அழாதே' ஒரு வாட்டி சொல்லுங்க சார்" என்று கெஞ்சினார்கள். "இங்க சத்தம் போடக் கூடாதும்மா" என்று தப்பித்தீர்கள். கட்டிலில் அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். நீங்கள் வெளியே போய்ப் படிக்கட்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று அழுதீர்கள். கார் வரைக்கும் வழியனுப்ப வந்த நான் அதைப் பார்த்தேன். அது நடிப்பில்லை. நடிப்பாக இருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பீர்கள்.

அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன். கடைசிப் பகுதியை இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் "அளாதே"வை அப்படியே விட்டிருக்கிறேன், அதன் பின்னால் கொஞ்சம் இடமும் விட்டிருக்கிறேன். அக்காவின் போனில் ஒரே ஒரு வரி பேசி எனக்கு அனுப்புங்கள். ஹீட்டரை மட்டும் நிறுத்திவிட்டுப் பேசவும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அந்த வரியை நானே எழுதித் தருகிறேன்: "அந்தக் குரல் என் தம்பியோடது."

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டேன், பெரியப்பா. இதில் ஒரு ழ கூட இல்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்திருக்கும்,
உங்கள் தம்பி மகன்