விறகுகாலையில் பாதி

ஆடி 8, திங்கள்

கச்சான் காற்று. கதிரை, மேசை, சோறு, எல்லாவற்றிலும் மண். குடைக்கம்பி திருத்தக் கொடுத்தது. என் வட்டாரத்தில் தெருவிளக்குகள் எரியவில்லை, சபையில் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை நகரசபைக் கூட்டம். இன்னொரு மெம்பரான வாத்தியார் ஒரு பிரேரணை கொண்டுவருகிறார். கடற்கரையில் மண்ணெண்ணெய்க் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விறகுக் கொட்டிலை அகற்ற வேண்டுமாம். நெருப்புப் பயம். கொட்டில் காசிம் காக்காவுடையது. கிண்ணியாவிலிருந்து சொந்த வள்ளத்தில் விறகு கொண்டுவந்து, இறக்கிய இடத்திலேயே விற்கிறார். வண்டிக்கூலி கிடையாது. ஊரில் மலிவு அவரிடம்தான். தேர்தலில் முஸ்லிம் வீடுகளில் எனக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்.

ஊரில் விறகு விற்கும் மற்ற இடம் சந்தைப் பக்கத்து விறகுகாலை. மனைவி இராசம்மாவின் தம்பி, மச்சான் நடேசனுடையது. பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருக்கிறது. பாதி என்னுடையது. இராசம்மாவின் காப்பை விற்றுப் போட்ட பங்கு. யாரும் பார்க்காத கொப்பியில் எழுதவே கை கூசுகிறது.

ஆடி 9, செவ்வாய்

வாங்க: சவர்க்காரம், பல்பொடி, இராசம்மாவுக்குத் தலைவலித் தைலம்.

கூட்டத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு, வாக்குப் போடாமல் எழும்பி வரலாம் என்று இராசம்மாவிடம் சொன்னேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆற்ற காப்பு வித்தது?"

"உம்மட காப்புத்தான்."

"அப்ப ஆற்ற பங்கு? உங்களுக்கு ஒண்டுமில்லை எண்டு சொன்னால் அது பொய்யோ?"

பொய் இல்லைத்தான். அந்தப் பங்கில் வரும் காசில் சட்டை தைப்பது மட்டும் நான்.

நெருப்புப் பயம் உண்மையானது. இந்தக் காற்றுக்கு ஒரு பொறி போதும். யார் மெம்பராக இருந்தாலும் கொட்டிலை எடுக்கத்தான் சொல்லுவான். மத்தியானம் முழுக்க இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக்கு இத்தனை தரம் சொல்லத் தேவையில்லை.

ஆடி 11, வியாழன்

சவரம் எடுக்கும்போது நாடியில் வெட்டு. வெள்ளைச் சட்டையில் இரத்தம். வேறு சட்டை.

கூட்டம். பிரேரணை வந்ததும் தலைவர் கேட்டார்: "இந்த விஷயத்தில ஆருக்கும் சொந்தமா ஏதும் லாப நட்டம் இருந்தால் இப்பவே சொல்லிப்போடுங்கோ." எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன். சொல்லத்தான் எழும்பினேன், சத்தியமாக.

வாயில் வந்தது வேறு. என் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் கரி சுமந்தவர். நானும் அங்கேதான் களஞ்சியத்தில் கிளாக்கர். வெள்ளைக்காரன் போனதும் வேலையும் போய் நடுத்தெருவில் நின்றவன். இந்த ஊரில் என் பெயரில் ஒரு துண்டுக் காணி இல்லை, ஒரு கடை இல்லை. மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது? மேசையில் தட்டினார்கள். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் அருவருப்பு. செத்துப்போன அப்பாவைக் கூட்டிவந்து சபையில் நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வாக்கு இரண்டு பக்கமும் சமமாக வந்தது. கடைசியாக என் கை. கொட்டில் போயிற்று.

தெருவிளக்குக் கதை மறந்தே போனது.

ஆடி 12, வெள்ளி

கோவிலுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

தேத்தண்ணிக் கடையில் எனக்குப் பின்னால், வாங்குப் பலகையில் இரண்டு பேர்.

"மெம்பர் பேசினதைக் கேட்டனியோ? கை சுத்தமான மனிசன்."

"ஓமோம். கரி சுமந்தவற்ற மகனெல்லே."

கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். வற்புறுத்தாமல் வந்துவிட்டேன், வெட்கங்கெட்டவன். கடற்கரையில் கொட்டிலின் கிடுகுகளைப் பிரிக்கிறார்களாம். சந்தைப் பக்கத்தால் சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

இராசம்மா நல்ல சாப்பாடு சமைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஆடி 15, திங்கள்

காற்றுக் கொஞ்சம் குறைவு. குடை வந்தது, கம்பி இன்னும் வளைவு.

காலையில் நடேசன். முகமெல்லாம் சிரிப்பு. "அத்தான், காக்காவுக்கு இனி வேற இடம் கிடையாது. வள்ளத்தோட எங்களிட்டத்தான் வரவேணும். பாதி விலை சொல்லுவம். ஏலாதெண்டால் விறகைக் கடலில கொட்டட்டும்." முகம் கழுவப் போனேன்.

பின்னேரம் காசிம் காக்காவே வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தார்.

"தம்பி, நீங்க கை தூக்கினதில எனக்குக் கோவமில்ல. மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில விறகு, பயம்தான். உங்கட வாப்பாட கதையச் சொன்னதும் என்ட பொஞ்சாதியும் அழுதுட்டா. இப்ப வள்ளம் நிறைய விறகு கிடக்கு. மச்சானோட எனக்காக ஒருக்காக் கதைங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

என்னிடமே எனக்குச் சிபாரிசு! அதற்குமேல் தாங்கவில்லை.

"காக்கா, அந்த விறகுகாலையில பாதி எங்கட. தொடக்கத்தில இருந்தே."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருக்கலாம். தொப்பியை எடுத்துத் திரும்பத் தலையில் வைத்தார்.

"அப்ப மச்சான்கிட்ட ஏன் போவான்? விலைய நீங்களே சொல்லுங்க, தம்பி."

சொல்லிவிட்டேனே என்று நெஞ்சு லேசாகியிருந்தது. இனி நானும் ஒரு மனிதன் என்றுகூட நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

நடேசன் சொன்ன விலையைத்தான் சொன்னேன்.