ஆறு கழித்து

மாசி 8, வெள்ளி

நல்ல காற்று. பள்ளி மைதானத்துப் புழுதி எங்கள் வீடு வரை. காயப்போட்ட மரச்சீனிக் கிழங்கிலும் புழுதி. மூடி வைக்கவில்லை என்று அம்மாவுக்கு என் மேல் கோபம். பூகோளம் இரண்டு பாடம் பாக்கி.

நாளை கூடைப்பந்து இறுதிச் சுற்று. நம் சபை வாலிபர் அணியும் நெய்யாற்றின்கரை அணியும் (இனி நெ.கரை, எழுதக் கை வலிக்கிறது). மூன்று ஆட்டம். இரண்டு ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. தமிழ்–மலையாள எல்லைத் தகராறு வந்ததிலிருந்து கூட்டம் போடத் தடை, ஊர்வலம் போகத் தடை, பந்தாட்டத்துக்கு மட்டும் தடை இல்லை. அதனால் பொழியூர் முதல் காட்டாக்கடை வரை எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். பாதிப் பேருக்கு விதியே தெரியாது. போலீஸ் வண்டி பள்ளிக்குப் பின்னால் புளியமரத்தடியில் நிற்கிறதாம். என் வகுப்பு மேரி சொன்னாள்.

என் அண்ணன் தாஸ்தான் நம் அணிக்கு கேப்டன். அவன் வீட்டில் ஆட்டத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சித்தப்பா (இனி சி.) அடுக்களைப் பக்கமாக வந்தார். அம்மா கிணற்றடியில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளே, நாளைக்கி எத்தனையில?"

நாம் ஜெயிப்போம் என்பது ஊருக்கே தெரியும். அதனால் வெறும் வெற்றிக்குப் பந்தயம் இல்லை. தங்கப்பனின் சாயக்கடையில் (டீக்கடை) ஒரு எண் சொல்லுவார்கள். கழிவு என்று பெயர். இந்த முறை ஆறு. நம் புள்ளியில் ஆறு கழித்த பிறகும் நாம் மேலே இருந்தால்தான் நம் பக்கம் கட்டினவனுக்கு லாபம். காசு வைத்தால் சபையை விட்டு விலக்கிவிடுவார்கள், ஆகவே வாழைக்குலை. கடைக்குள் இரண்டு கம்பு. நம் பக்கம் கட்டுகிறவன் குலை வாசல் கம்பில். எதிர்ப்பக்கம் கட்டுகிறவன் குலை அடுப்புக் கம்பில். காம்பில் பெயர் எழுதின ஓலைத்துண்டு. ஆட்டம் முடிந்ததும் தோற்ற கம்பின் குலைகள் மற்றக் கம்புக்காரர்களுக்கு. போலீஸ்காரர்கள் அங்கேயே சாயை குடிக்கிறார்கள். அது குலை விற்கிற கச்சவடம் என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் சொன்னது: ஆறைத் தாண்டாது. காரணங்கள்:
ஒன்று, சாயங்கால வெயில் மேற்கு வளையத்துக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம் எறிகிறவர்களுக்குக் கண் கூசும். இந்த முறை அது நாம்.
இரண்டு, நம் உயரக்காரன் ஜஸ்டினுக்கு இருமல்.
மூன்று, எழுத மாட்டேன்.

"கொள்ளாம்," என்றார் சி. "உனக்க அப்பா உபதேசியாரா போன நேரம், உனக்கு தீர்க்கதரிசனம்." அப்பா பொழியூர் சபையில் ஊழியம். திங்களன்று வருவார். தெரிந்தால் என் கதை முடிந்தது, சி.யின் கதையும்.

மாசி 9, சனி

31–27. நாம் நாலு மேலே. சொன்னபடி.

பெண்கள் மதிலுக்கு இந்தப் பக்கம். நான் அத்திமரத்து வேரில் ஏறி நின்றேன். மூன்றாவது காரணத்தை இன்று எழுதிவிடுகிறேன். ஃபவுலுக்குத் தனிப்பந்து எறியும் முன் அண்ணன் குனிந்து மண்ணை உள்ளங்கையில் தேய்ப்பான். சின்ன வயதிலிருந்து பழக்கம். காட்டாக்கடை அணியோடு ஆடியபோது இரண்டு தடவை தேய்க்காமல் எறிந்தான். இரண்டும் விழவில்லை. இன்று நாம் எட்டு மேலே இருக்கும்போது மூன்று தடவை தேய்க்கவில்லை. மூன்றும் விழவில்லை.

வேண்டுமென்றே விடுகிறான்.

இதை எழுதும்போது ஏதோ சத்தம், விளக்கைத் தணித்தேன். யாரும் இல்லை. எலி.

மாசி 11, திங்கள்

அப்பா வந்தார், கருவாடு கொண்டுவந்தார், போனார். கடல் இன்னும் இரண்டு வீட்டை எடுத்துவிட்டதாம். ஜெபத்தில் அண்ணன் பெயரைச் சொல்லி நீளமாக ஜெபித்தார். ஏன்? ஏதாவது தெரியுமா?

யார் அண்ணனுக்கு என்ன கொடுத்திருப்பார்கள்? புதுச் செருப்பு இல்லை. புதுச் சட்டை இல்லை. சி. மேல் சந்தேகப்பட்டேன். அப்படியானால் என்னிடம் ஏன் எண் கேட்கிறார்? ஆகவே சி. இல்லை. நெ.கரை கேப்டன் மாதவன் மேல் சந்தேகம். அண்ணனோடு ட்ரெயினிங் பள்ளியில் படித்தவர். மலையாளத்தில்தான் பேசுவார், இவனும் அவரிடம் மலையாளத்தில்தான்.

கணக்குப் பரீட்சைத் தாள் வந்தது. தலைமையாசிரியை வகுப்புக்கு வந்து, வெளியே நடக்கிறதைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது, எந்தப் பக்கமும் கோஷம் எழுதின காகிதம் பையில் இருக்கக் கூடாது என்றார். எல்லோர் பையும் சோதனை. இந்த நோட்டை இனி அரிசிப் பானைக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

மாசி 12, செவ்வாய்

இருட்டும் நேரம் மாதவன் சைக்கிளில் வந்தார். வீட்டுக்கு வரவில்லை, வாய்க்கால் பாலத்தில் நின்றார். அண்ணன் பின்னால் ஏறிக்கொண்டு நெ.கரைப் பக்கம் போனான். அம்மாவிடம் சொன்னது: ஜஸ்டினுக்கு மருந்து வாங்க. ஜஸ்டின் வீடு எதிர்த்திசை.

சி. மறுபடியும் கேட்டார். கழிவு ஆறேதான். தாண்டாது என்றேன், கேள்வி முடியும் முன்பே.

மாசி 13, புதன்

தோற்றோம். ஒரே புள்ளியில்.

கடைசி வரை இழுபறி. ஜஸ்டின் நன்றாகவே ஓடினான், இருமவில்லை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கமும் சத்தம் போட்டது, ஆனால் கல் ஒன்றும் பறக்கவில்லை. கூட்டம் கலைந்தது. மேரிக்கு ஏமாற்றம். "இதுக்கா நான் இவ்வளவு நேரம் நின்னேன்?"

மாசி 14, வியாழன்

அரிசிப் பானைக்குப் பின்னால் குந்தி எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் இருக்கும்.

விடியும் முன் போலீஸ் வந்து தையல்கடை ஞானமுத்து மாமாவைக் கொண்டுபோனார்கள். தையல் மெஷினுக்குக் கீழே கூட்ட அறிவிப்புக் காகிதங்கள் இருந்தனவாம். நேராக அங்கேயே போய்க் குனிந்தார்களாம். அப்படியானால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

குழாயடியில் பெண்கள் பேசியது, நான் குடத்தோடு நிற்கும்போதே:

"அடுப்புக் கம்புல தொங்குன செந்துளுவன் குலை யாருக்கதுண்ணு தெரியுமா?"

"ஓலையில வேலைக்காரன் பேராக்கும்."

"பேரு யாருக்கதா இருந்தா என்ன? இந்தக் கரையில செந்துளுவன் நிக்கது ஒரே ஒரு விளையிலதான்."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு ஏத்தங்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

சி. எவ்வளவு பெரிய முட்டாள். எதிர்ப்பக்கம் கட்டுவது தெரியக் கூடாது என்று வேலைக்காரன் பெயரை எழுதி, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத சிவப்புக் குலையைத் தொங்கவிட்டிருக்கிறார். பெயரைப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இங்கே குலையைப் பார்த்தால் எந்த விளை, யார் தோட்டம் என்று சொல்வார்கள்.

இரண்டு தடவையும் ஜெயித்திருக்கிறார். கேப்டனுக்குச் சொந்தச் சித்தப்பா.

பள்ளி விட்டு வரும்போது சாயக்கடை வழியாகத்தான் வர வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். உள்ளே ஜஸ்டினின் மாமா குரல் (ஆட்டத்தை அவர் களி என்றுதான் சொல்லுவார்):

"எலே, களிய வித்தவனுக்கு ஆளை விக்க எவ்வளவு நேரம்? செவ்வாக்கிழம அந்த மலையாளத்தான் சைக்கிள்ல எங்க போனான்? இண்ணைக்கி போலீசு வந்துல்லா?"

தங்கப்பன்: "பைய பேசும். உபதேசியாருக்க மோனாக்கும்."

"மோனா இருந்தா முட்டி இரும்பா? சனிக்கிழம களி முடியட்டு. வாய்க்கால் பாலத்துல வச்சு பாத்துக்கலாம்."

மூன்று பேர் சிரித்தார்கள். தங்கப்பன் சிரித்தாரா என்று தெரியவில்லை.

எல்லாம் என் வாயால் வந்தது. தாண்டாது என்று நான் சொல்லாவிட்டால் சி. அடுப்புக் கம்புக்குப் போயிருக்க மாட்டார்.

மாசி 15, வெள்ளி

அண்ணனிடம் கேட்டுவிட்டேன். அவன் கொல்லையில் பந்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வேணும்ணே விடுத இல்லியா?"

கை நின்றது. "யாரு சொன்னா?"

"மண்ணு தேய்க்காம எறிஞ்சா விழாது. நான் பாத்தேன்."

பந்தைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். போன வருஷம் வேறு ஊரில் ஒரு அணி இருபது புள்ளியில் ஜெயித்தது. ஜெயித்தவர்கள் கோஷம் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். தோற்றவர்கள் கல் எடுத்தார்கள். போலீஸ் இரண்டு பக்கத்தையும் அடித்தது. அதில் ஒரு பையனுக்கு இன்னும் காது கேட்காது. அதனால் இவனும் மாதவனும் பேசி வைத்திருக்கிறார்கள்: வித்தியாசம் பெரிதாகப் போக விடக் கூடாது. கடைசி நிமிஷம் வரை இழுபறியாக இருந்தால் ஜனம் களைத்துப்போய் வீட்டுக்குப் போய்விடும்.

"அப்ப யாரு ஜெயிக்கணும்ணும் பேசி வச்சிருக்கியா?"

"அது தெய்வத்துக்க காரியம். எத்தனையிலண்ணு மட்டும் எங்களுக்க காரியம்."

"செவ்வாக்கிழம எங்க போன?"

"மாதவனுக்க அணியில ரெண்டு பேரு சம்மதிக்கல்ல. அவனுகள்ட்ட பேச."

சாயக்கடையில் கேட்டதைச் சொன்னேன். பாலத்தைப் பற்றியும். "போகாத அண்ணா. காய்ச்சல்ணு சொல்லு."

"போகாம இருந்தா அவனுக சொல்லுதது சரிண்ணு ஆவும்."

"அப்ப பத்து புள்ளியில ஜெயிச்சிடு."

"ஜெயிச்சா பிறகு புளியமரத்தடியில நிக்கவன் வருவான்." பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவன் சொன்னதை நம்ப: ஆட்டம் முடிந்து கல் பறக்கவில்லை, உண்மை. புதுச் செருப்பு இல்லை. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.
நம்பாமல் இருக்க: அம்மாவிடம் மருந்து என்று பொய் சொன்னான், தடங்கலே இல்லாமல். ஞானமுத்து மாமா கடையில்தான் சட்டை தைப்பான், மெஷினுக்குக் கீழே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம். மாதவன் யார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது. கணக்கில் இப்படி வந்தால் தப்பு எங்கேயோ இருக்கிறது என்று டீச்சர் சொல்லுவார்.

சாயங்காலம் சி. வந்தார். ஊர்ப் பேச்சு இவர் காதில் விழவில்லையா, விழுந்தும் ஆசை விடவில்லையா?

"நாளைக்கி எத்தனையில மக்கா?"

வாய் வரை வந்தது, தாண்டாது என்று. விழுங்கினேன்.

"பத்துக்கு மேல," என்றேன்.

"நிச்சயம் உண்டா?"

"உண்டு. கோவத்துல களிப்பானுக. அண்ணன் முகம் பாக்கல்லியா?"

"அப்ப வாசக் கம்பாக்கும்." சிறிது நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல் பொறுக்கினேன்.

"சித்தப்பா, வேலைக்காரன் பேரு வேண்டாம். உங்க பேர எழுதுங்க. கேப்டனுக்க சித்தப்பாண்ணா அதுக்கொரு மரியாத உண்டு."

மாசி 16, சனி

காலையில் பள்ளி இல்லை. கடைப்பக்கம் போனேன், உப்பு வாங்குகிற சாக்கில். வாசல் கம்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஐந்து செந்துளுவன், சி.யின் பெயர் பெரிதாக. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஜஸ்டினின் மாமாவும் நின்று பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

ஆட்டம். எழுத முடியாது, பாதி நேரம் கண்ணை மூடியிருந்தேன். முதல் பாதியில் நாம் ஏழு மேலே. பிறகு மாதவன் வரிசையாக மூன்று கூடை. பிறகு அண்ணனுக்குக் கணுக்கால் பிசகி, உட்கார்ந்து, கட்டிக்கொண்டு மறுபடியும் வந்தான். கடைசியில் 29–26. கோப்பை நமக்கு. கோஷம் போடலாமா வேண்டாமா என்று ஜனம் யோசிக்கும் முன்பே மாதவன் வந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் கை தட்டியது. புளியமரத்தடி வண்டி சும்மாவே நின்றது.

ஜெயித்தோம். ஆறு கழித்தால் தோற்றோம். வாசல் கம்பு முழுக்கப் போயிற்று.

நான் வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் தாழம்புதரில் நின்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணன் நொண்டிக்கொண்டு வந்தான். பாலத்தில் நாலு பேர், ஜஸ்டினின் மாமாவும். ஒருவன் கையில் மண்வெட்டிப் பிடி.

அவர்கள் சிரிக்கிறார்கள் என்பது புரிய எனக்கு நேரமாயிற்று.

"எலே தாசு, உனக்க சித்தப்பன் கடையில இருந்துட்டு அழுதாப்ல. அஞ்சு குலையாக்கும். நீ ஒரு நாலு புள்ளி கூட எடுத்திருந்தா அந்த மனுஷன் ராசாவாயிருப்பான்."

"எனக்கு தெரியாது மாமா, சித்தப்பா கட்டுனது."

"தெரிஞ்சிருந்தா எடுத்திருப்ப. சொந்த ரத்தமில்லா." ஜஸ்டினின் மாமா அவன் தோளில் தட்டினார். "நானும் முந்தாநேத்து என்னல்லாமோ நெனச்சுட்டேன். போ, கால்ல எண்ணெய் போடு."

மண்வெட்டிப் பிடியை அவனுக்கே ஊன்றுகோலாகக் கொடுத்துவிட்டார்கள்.

சி. இங்கே வந்தார். அம்மாவிடம்: "மைனி, உங்க மக தீர்க்கதரிசி இல்ல, பொய் தீர்க்கதரிசியாக்கும்." அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்க்காமலே போனார். பிறகு வாசலில் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். அம்மா மாட்டைக் கட்டப் போயிருந்தாள்.

"பத்துண்ணு சித்தப்பாட்ட சொன்னது நீயா?"

"ஆமா."

"நான் பத்துல ஜெயிக்க மாட்டேன்ணு தெரிஞ்சுதானே சொன்ன. அப்ப நான் நேத்து பறஞ்சத நம்புன இல்லியா?"

இல்லை என்றேன். நீ என்ன செய்தாலும் தப்பிக்கிற மாதிரி சொன்னேன். ஜெயித்தாலும் தோற்றாலும் சித்தப்பா குலை நம் கம்பில் தொங்கினால் போதும், உன்னை யாரும் தொட மாட்டார்கள்.

"நான் வித்திருந்தாலும்?"

எண்ணெய்க் கையைத் துடைத்தேன். வித்திருந்தாலும் என்றேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். காலை இழுத்துக்கொண்டான்.