சகனில் ஓர் இடம்

ஒலுவில்
10.05.1957

அன்பு மச்சி சரீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மகள் முனவ்வறாவுக்குக் கலியாணம், வருகிற முப்பதாம் திகதி வியாழக்கிழமை. கொழும்பில் உன் வாயில் ஒப்பரேசன் முடிந்து ஒரு வருசமாகியும் நீ வீட்டை விட்டு அசையவில்லை. புற்றுநோய் போய்விட்டதென்று டொக்டர் சொன்ன அன்று நான் அழுத அழுகை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இதற்காவது வா.

ஒவ்வொரு சகனையும் சுற்றி, ஒரே பெரிய தட்டில் கைபோட்டுத் தின்ன ஆறு பெண்கள் நெருக்கிக்கொண்டு குந்துவார்கள். அந்த நெரிசலில் நீ கஷ்டப்படக் கூடாது. உள்ளறையில் உனக்குத் தனியாகப் பாய் போட்டு, புதுப் பீங்கான் தட்டில் சோற்றைக் குழைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் சுபைறா


கல்முனைக்குடி
15.05.1957

சுபைறாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். புதுத் தட்டா? சந்தோசம். இங்கேயும் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருக்கின்றன. நான் பெற்ற மகளே அவற்றைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள்.

பெருநாளன்று பக்கத்து வீட்டில் ஆறு பேராகச் சகனில் குந்தினோம். நான் பிஸ்மி சொல்லிக் கைவைத்ததும், "எனக்கு வயிறு நிறைஞ்சிட்டு புள்ள" என்று சல்மா உம்மா எழும்பினாள். ஒரு பிடிகூடத் தின்னாத வயிறு! மற்ற நாலு பேருக்கும் உடனே நிறைந்துவிட்டது. "இது தொத்து வருத்தம் இல்ல" என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

இரண்டு விரல் அளவுக்குத்தான் வாய் திறக்கிறது. உப்பும் கசக்கிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், இதைத்தான் பொறுக்க முடியவில்லை. டொக்டர் தாடையில் பாதியை எடுத்தார், நாக்கை விட்டுவிட்டார், ஆகவே கேட்கிறேன். தனித் தட்டு என் வசதிக்கா, உன் பயத்துக்கா? சகனில் இடமிருந்தால் வருவேன். இல்லாவிட்டால் இங்கிருந்தே பிள்ளைக்குத் துஆச் செய்கிறேன்.

சரீபா


ஒலுவில்
21.05.1957

மச்சி,

உன் கடிதத்தை மூன்று நாள் மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பயத்துக்குத்தான். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்களோ என்று பயம். எனக்கும் வந்துவிடுமோ என்றும் பயம். உன் வசதிக்கென்று எழுதியது பொய், மன்னித்துக்கொள்.

இவரிடம் சொன்னேன். "டொக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?" என்று ஏசினார். ஏச்சு வாங்கியும் பயம் போகவில்லை. ஆனாலும் வா. உன் சகனில் நான் குந்துவேன். வேறு யார் குந்துவார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

சுபைறா


கல்முனைக்குடி
02.06.1957

என் அன்பு மச்சிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். முனவ்வறா நல்ல வடிவு. மாப்பிள்ளைதான் கொஞ்சம் மெலிவு, உன் வீட்டுச் சோறு தேற்றிவிடும்.

நம் சகனில் நாலு இடம் கடைசிவரை வெறுமையாகவே கிடந்தது. சம்பந்தி அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த சகனுக்குப் போனா. நீ எழும்பவில்லை. ஆனால் முதல் பிடியைக் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் விழுங்கினாய். பார்த்துவிட்டேன்டி. அவ்வளவு பயத்தோடும் தின்றாயே என்று பஸ்ஸில் வழி நெடுக அழுதேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ இங்கே வா. மகளையும் நம்மோடு குந்தச் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் குந்துவாள். கண்ணை மூடுவதென்றால் இரண்டு பேரும் மூடிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் சரீபா