ஆடிக் கூழுக்கு எடுத்த தண்ணீர்

நூம்பல்
2-3-1977

அன்பு மகள் தாட்சாயிணிக்கு அப்பா எழுதுவது. பொன்னியம்மன் தயவில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், கல்கத்தாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உன் அக்கா வடிவுக்குப் போன வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது, நம் வீட்டில்தான், இருவரும் சௌக்கியம். அந்தப் பாழாப்போன கேணித் தண்ணியிலயா பச்சப் புள்ளயக் குளிப்பாட்டுவீங்க, தலைப்பிரசவத்துக்கு அனுப்பமாட்டோம் என்று முதலில் சம்பந்தியம்மா முகத்தில் அடித்தாற்போல் சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை, எல்லாம் உன்னால் வந்தது தாயே.

கம்பெனி நடத்துகிற படிப்பில் லாபத்தைத்தான் ஆராய்வார்கள் என்று நினைத்திருந்தேன். நம் ஊர் முலாம் பூசுகிற பட்டறை மாதிரி இடங்களைச் சுற்றியுள்ள ஜனங்கள் நன்றாக இருக்கிறார்களா, அவர்கள் பிள்ளைகள் காலத்துக்கும் மண்ணும் தண்ணீரும் மிஞ்சுமா என்றும் பார்ப்பார்கள் என்று போன ஆடியில் நீ வந்தபோதுதான் தெரிந்தது. உன்னோடு கேள்வி கேட்க வந்த கூடப் படிக்கிறவர்களை, ஆம்பளைகளைப் பிடித்துப்போய் ஆபரேஷன் செய்கிற குடும்பக் கட்டுப்பாட்டு ஆட்கள் என்று நம் பெண்டுகள் பயந்து, ஒரு கொறையும் இல்ல, நல்லா கீறோம் என்று சொல்லிப் புருஷன்மாரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்களே, நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அதை அப்படியே உன் அறிக்கையில் எழுதியிருந்தால் பட்டறையால் ஊரே சுபிட்சம் என்று ஆகியிருக்கும். பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று எல்லாரும் குடத்தோடு வேலப்பன்சாவடிப் பக்கம் நடப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டாய். நாங்க இன்னாத்தையோ குடிச்சிட்டுப் போறோம், முலாம் பட்டறைக் கழிவு எறங்குன கேணித் தண்ணில அம்மாளுக்கு எப்டிக் கூழு காச்சறது என்றாள் பக்கத்து வீட்டு அங்கம்மா. அதைத்தான் நீ எழுதினாய்.

உன் வாத்தியார் அனுப்பி வைத்ததைப் படித்துவிட்டு பட்டறை முதலாளி ஜானகிராமன் கோபமாகத்தான் வந்தார், கேணியை எட்டிப் பார்த்ததும் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். இப்போது கழிவுத் தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் தேக்கிச் சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைக்கிறார்கள், மேட்டுப் பக்கம் ஆழமாகத் தோண்டி அடிபம்பும் போட்டுக் கொடுத்தார். கேணி தேற வருஷங்கள் ஆகுமாம், ஆகட்டும். பம்பு வந்த சேதி கேட்ட பிறகுதான் வடிவை அனுப்பினார்கள்.

ராத்திரி கண்விழித்துப் படிக்காதே, வாரம் ஒருமுறையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. வாத்தியாருக்கு எங்கள் கும்பிடு சொல்ல மறக்காதே. நேற்று சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்தார்கள், உன் அம்மா பம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு குடு சம்பந்தி என்றார்கள். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்துதான் கொடுத்தாள்.

நீ நூறு வயது நன்றாக இரு.

உன்னைப் பெற்ற சந்தோஷத்தில்,
அப்பா கன்னியப்பன்