அம்மா சலித்த வெள்ளைக்கல்

என் அம்மாவுக்கு,

இப்போதாவது மூச்சு வாங்காமல் படுத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். யாழினி தூங்கிவிட்டாள். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன், திரும்ப வந்து உட்காருகிறேன்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டைச் சுற்றி எப்போதும் யாராவது கட்டிக்கொண்டே இருப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். இன்று பக்கத்து மனையில் தரைக்கல் அறுத்தார்கள். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். "உனக்கு என்னதான் ஆச்சு?" என்றார் யாழினியின் அப்பா. என்ன ஆச்சு என்பதை அவரிடம் சொல்லும் முன் உனக்குச் சொல்லவேண்டும் என்று துணியை மறுபடி நனைக்கப் போனேன்.

அம்மா, உனக்கு வந்தது டி.பி. இல்லையாம்.

நீ போன பிறகு, இத்தனை வருஷமும் உன்னோடு சேர்ந்து சலித்த அண்ணி கொட்டாயில் உன் இடத்தில் உட்கார்ந்தார். கீழ்பென்னாத்தூர் மில்லிலிருந்து அண்ணன் அதே கோலமாவு மூட்டைகளைத்தான் கொண்டுவந்து இறக்கினான். அதே சல்லடை, அதே தகரக் கூரை. பொழுதுக்கும் சலித்து, பாக்கெட் போட்டு, கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் கிரிவலப் பாதைக் கடைகளுக்கும் அனுப்பினார்கள். துக்க வருஷம் என்பதால் நம் வீட்டு வாசலில் மட்டும் கோலம் கிடையாது. ஊர் வாசலுக்கெல்லாம் கோலமாவு நம் கொட்டாயிலிருந்துதான் போகிறது.

ஐப்பசி மழை விட்ட பிறகும் அண்ணிக்கு இருமல் விடவில்லை. உன் இருமல் மாதிரியே அடித்தொண்டையில் ஆரம்பித்துச் சளி வராமல் முடியும் வறட்டு இருமல். நான்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பீரோவின் மேல் இருந்த உன் பழைய நெஞ்சு எக்ஸ்ரேவையும் உறையோடு எடுத்துப் போனேன். உன்னிடமிருந்துதான் அண்ணிக்குத் தொற்றியிருக்கும் என்று பயந்துபோயிருந்தோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "என்ன வேலைங்க செய்றீங்க?" என்று கேட்டார்.

"வேலைக்கெல்லாம் போவலைங்க மேடம். வீட்லதான் இருக்கேன்" என்றார் அண்ணி.

உன்னைக் கூட்டிக்கொண்டு போன இடங்களிலும் இதே கேள்வி வந்தது, இதே பதில்தான் சொன்னோம். நீ சொன்னாய், அண்ணன் சொன்னான், நானும் சொன்னேன். நாம் பொய் சொல்லவில்லை. பஸ் ஏறிப் போனால்தானே நம் வீட்டில் அதற்கு வேலை என்று பெயர்?

டாக்டர் அண்ணியின் கையைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. "இது என்ன?"

"கோலமாவுங்க. எவ்ளோ கழுவனாலும் போவாது."

"அரிசி மாவா?"

"அரிசிய யாரு மேடம் ரோட்ல கொட்டறாங்க? கல்லு மாவு. வெங்கச்சங்கல்லு."

வெங்கச்சங்கல்லுக்கு எங்கள் பாடத்தில் வேறு பெயர். "குவார்ட்ஸ்" என்றேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணிக்கு அங்கே எடுத்திருந்த படத்தையும் உன் படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அண்ணியின் படத்தில் மேல்பக்கம் பொடிப்பொடியாகப் புள்ளிகள். உன் படத்தில் அதே புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து திட்டுத்திட்டாகக் கட்டியிருந்தன.

"இவங்க யாரு?"

"எங்க அம்மா. டி.பி.ன்னு சொன்னாங்க, தவறிட்டாங்க."

"இவங்களும் இதான் சலிச்சாங்களா? டி.பி. மாத்திர குடுத்தும் கேக்கல இல்ல? சளியில கிருமி இருந்துதா?"

"ஒரு தடவகூட இல்லைங்க. படத்த வச்சிதான் மாத்திர குடுத்தாங்க."

"படத்த மட்டும் பாத்தா நானும் டி.பி.ன்னுதான் குடுத்திருப்பேன். இப்ப உறுதியா சொல்றதுக்கு அவங்க இல்ல. ஆனா இது கல்லு தூசி மாதிரிதான் இருக்கு. வேலைய சொல்லியிருந்தா அப்பவே சந்தேகப்பட்டிருப்பாங்க." அண்ணிக்குச் சளி எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லை. தூசி ஏறிய நெஞ்சுக்கு டி.பி. சீக்கிரம் வரும், அடிக்கடி வந்து பார்க்கவேண்டும் என்றார். இதைக் கரைக்க மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். சலிப்பதை நிறுத்தினால் இத்தோடு நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஊர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். பிறகு, "தேனு, தூசின்னா தொத்தாது இல்ல?" என்றார்.

"தொத்தாது அண்ணி."

"அப்ப அத்த கொழந்தைய தூக்கியிருக்கலாமா?"

அம்மா, தூக்கியிருக்கலாம்.

பிரசவத்துக்கு வந்த என்னை நீ வாசற்படியில் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாய். யாழினியைக் குளிப்பாட்ட வேறு ஆளை வைத்தாய். தட்டையும் டம்ளரையும் தனியாகப் பிரித்துக்கொண்டாய். அவள் சிரித்தால் அங்கிருந்தே விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவாய். அவள் திரும்பிப் பார்த்தால் போதும், முகத்தை மூடிக்கொள்வாய். வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, தொற்றிக்கொள்ளும் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு நீயாகவே போய்ப் படுத்த இடம் எது? மூட்டை அடுக்கியிருந்த அந்தக் கொட்டாய். "சும்மா படுத்திருந்தா இருமல் ஜாஸ்தியா இருக்குது" என்று சல்லடையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாய்.

குழந்தையைக் காப்பாற்றத்தான் நீ அந்தத் தூசிக்குள் போனாய். அவளைக் காப்பாற்றவும் செய்திருக்கிறாய் என்பதுதான் கொடுமை. மாவு படிந்த உன் சேலையும் சல்லடையும் வீட்டுக்குள் வராததால்தான் தொட்டில் இருந்த அறை சுத்தமாக இருந்தது.

சேலத்தில் விடுதியில் தங்கி நான் நிலவியல் படித்தது இந்த மாவின் காசில்தான். ஒருமுறை லீவுக்கு வந்தபோது சிலிக்கேட்டுக்கு ஒரு மாதிரிக் கூண்டு செய்தேனே, நினைவிருக்கிறதா? சிலிக்கானுக்கு ஒரு பட்டாணி, அதைச் சுற்றி ஆக்சிஜனுக்கு நான்கு கொண்டைக்கடலை, கோக்கத் துடைப்பக்குச்சி. நான்கு மூலை உள்ள சின்னக் கூண்டு. பாறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே கூண்டால் ஆனவை. பக்கத்துக் கூண்டோடு எத்தனை மூலையைப் பகிர்ந்துகொள்கிறது என்பதில்தான் கல்லுக்குக் கல் குணம் மாறுகிறது. வரிசையாகக் கோத்தால் ஒரு கல். பாய்போல விரிந்தால் மைக்கா, அதனால்தான் அது ஏடு ஏடாக உரிகிறது. பலப்பம் செய்கிற மாக்கல்லும் பாய்மேல் பாய் அடுக்கியதுதான், விரலில் வழுக்கும்.

குவார்ட்ஸ் செய்யத்தான் கடலை ஜாஸ்தி பிடித்தது. அதில் எல்லா மூலையையும் பக்கத்துக் கூண்டோடு கோக்கவேண்டும், ஒரு ஆக்சிஜனும் சும்மா இருக்கக்கூடாது. ஊறிய கடலை காய்ந்துவிடக்கூடாது என்று தண்ணீர் தெளித்து மூடிவைத்தேன். காலையில் குவார்ட்ஸைக் காணோம். அடுப்படியில் தேங்காய் போட்டுத் தாளித்த வாசனை. "இதுக்காடி சேலம் வரைக்கும் போற? கடல கெட்டுப் போவப் போவுதுன்னு சுண்டல் பண்ணிட்டேன், குச்சி பாத்து தின்னு" என்றாய்.

எவ்வளவு சிரித்தோம்.

நம் மலைப் பாறையில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்கிற கல்லிலும் இதே கூண்டுதான், இதே பின்னல்தான். ஆனால் அதில் அங்கங்கே சிலிக்கான் இடத்தில் அலுமினியம் உட்கார்ந்திருக்கும், அதை ஈடுகட்டப் பொட்டாசியம் நடுவில் புகுந்திருக்கும். மழைத்தண்ணீர் அந்தப் பொட்டாசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். காலம் போகப் போக அந்தக் கல் களிமண்ணாகிவிடும். ஏரிக் களிமண் அப்படி வந்ததுதான். குவார்ட்ஸில் தண்ணீர் கரைத்துக்கொண்டு போக எதுவுமில்லை. மல்லாட்டை விதைக்கக் கொல்லையில் ஏர் ஓட்டினால் கல் வெள்ளை வெள்ளையாக மேலே வருகிறதே, எல்லாம் மண்ணான பிறகும் அது மட்டும் மண்ணாகாமல் மிச்சம் இருப்பதால்தான்.

மழையாலேயே முடியாததை உன் நெஞ்சு என்ன செய்யும்? தூசியை விழுங்கிச் செரிக்க நுரையீரலில் செல்கள் இருக்கின்றன. ஒரு செல் அந்தத் துகளை விழுங்கும். செரிக்காது. செல் செத்துத் துகள் வெளியே விழும். அடுத்த செல் வந்து அதே துகளை விழுங்கிச் சாகும். அந்த இடமெல்லாம் தழும்பாகக் கெட்டிப்படும். அதிலும் புதிதாக அரைத்ததுதான் பொல்லாதது. உடையும்போது அந்தப் பின்னல் அறுந்துபோய், அறுந்த முனைகள் எதையாவது பற்றிக்கொள்ளத் தவிக்கும். "புது மாவுதான் பளபளன்னு இருக்கும், கடைக்காரங்க அதத்தான் கேக்கறாங்க" என்று மில்லிலிருந்து வந்த அன்றே உட்கார்ந்து சலிப்பாயே.

கோலத்தில் விழுகிற பருக்கை உன்னை ஒன்றும் செய்யவில்லை. கூரை ஓட்டை வழியாக வெயில் விழும்போது மட்டும் புகைபோலத் தெரியுமே, அதுதான். வாசலில் நாலு இழை போடுகிறவர்கள் பெரிதாகப் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். மூடின கொட்டாயில் நாள் முழுக்க உட்கார்ந்தவளுக்குத்தான் இந்தக் கதி. எங்கள் பாடத்தில் குவார்ட்ஸ் மலையில் இருந்தது, ஆற்று மணலில் இருந்தது, கண்ணாடியில் இருந்தது. எந்தப் பாடத்திலும் சல்லடை வரவில்லை.

அண்ணனிடம் இதைச் சொல்லப் போனேன். நம் மாவில் ஒரு பிடி, கடையில் வாங்கிய சுண்ணாம்புக்கல் மாவில் ஒரு பிடி, இரண்டையும் தட்டில் வைத்து ஆசிட் ஊற்றிக் காட்டினேன்.

"கக்கூஸ் கழுவற ஆசிட்ட எடுத்துனு இவ்ளோ தூரம் வந்தியா?" என்றான்.

"பாருண்ணா. இது நுரைக்குது, கரையுது. நம்மளது அப்டியே கெடக்குது பாரு. உள்ள போனாலும் அப்டியேதான் கெடக்கும்."

"சுண்ணாம்பு மாவு வெரல்ல எறங்காது தேனு. கட்டி கட்டியா உழும், வெள்ளையும் கம்மி. மார்கழிக்கு ஆர்டர் எடுத்துட்டேன். இப்ப போயி மாத்தினா எவன் வாங்குவான்?"

"அண்ணியோட படத்த பாத்த இல்ல?"

"அம்மாவுக்கு டி.பி. அவ்ளோதான். ஊர்ல எத்தினி பேருக்கு இல்ல?"

"இல்லண்ணா, அது டி.பி. இல்ல. இந்த மாவு."

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அப்ப மூட்ட எறக்கிப் போட்டு நான்தான் அம்மாவ சாவடிச்சேன்றியா?"

அப்படி நான் நினைக்கவில்லை என்று உனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியவைப்பது? அது தூசி என்று அவன் ஒப்புக்கொண்டால், அவன் தோளில் தூக்கிவந்த அத்தனை மூட்டையும் அவன் தலையில் விழும். டி.பி. என்றால் யார்மேலும் விழாது. அதனால்தான் அவன் அந்தச் சொல்லை விடமாட்டேன் என்கிறான்.

நேற்று மறுபடியும் போனேன். அண்ணி கொட்டாயில் இல்லை. அண்ணன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உன் இடத்தில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தான். "அவ சலிக்கல. போதுமா உனக்கு?" என்றான், நிமிர்ந்து பார்க்காமலே. துண்டுக்கு அடங்குகிற தூசியில்லை அது என்றேன். சல்லடைச் சத்தம் நிற்கவில்லை.

அண்ணி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் தட்டு அம்மா. நீ தனியாகப் பிரித்து வைத்திருந்த அதே தட்டு, அதே டம்ளர், சுவரோரம். யாழினியை நான் இறக்கிவிட்டதும் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்.

"வேணாம் தேனு. டாக்டருக்கு என்னா தெரியும். எதுக்கு வம்பு?"

"சளியில ஒன்னும் இல்லன்னு உங்க எதுருலதானே அண்ணி சொன்னாங்க?"

"அத்தைக்கும் இல்லன்னுதானே சொன்னாங்க. அவங்களே தூக்கல."

நான் தட்டை நகர்த்திவிட்டு யாழினியை அவர் மடியில் உட்காரவைத்தேன். எனக்கும் பயமாக இருந்ததை உன்னிடம் மறைப்பானேன்? இவ்வளவு படித்தும், தெரிந்தும், கை அவளை விட ஒரு நொடி தயங்கியது. அவள் அண்ணியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். "மூச்சு விடுங்க அண்ணி" என்றேன். விட்டார். குழந்தை முகத்தில் பட்டது. அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சிரித்தாள்.

கொட்டாயில் சல்லடை கொஞ்ச நேரம் நின்றது. எட்டிப் பார்த்தானோ என்னவோ. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

அம்மா, அந்த மூட்டைகள் வெளியே போகும்வரை அண்ணன் திட்டினாலும் விரட்டினாலும் போய்க்கொண்டே இருப்பேன். அவனையும் ஒருநாள் அந்த டாக்டர் முன்னால் உட்காரவைப்பேன். யாழினி வளர்ந்து, ஆயா என்ன வேலை செய்தாங்க என்று கேட்டால், வீட்டில்தான் இருந்தாங்க என்று சொல்லமாட்டேன். ஆயா கல்லு மாவு சலிச்சாங்க, அந்த வேலையிலதான் செத்தாங்க என்பேன். உன்ன தூக்க ரொம்ப ஆசப்பட்டாங்க என்பதையும் சொல்வேன்.

நீ தூர நின்றே கொஞ்சிய பேத்தியைப் பெற்றவள்,
உன் மகள் தேன்மொழி